சந்தைப்படுத்தல் பல்கலைக்கழகப் பாடமான வரலாறு

சந்தைப்படுத்தல் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே விளம்பரமும் விற்பனையாளரின் நாவன்மையுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. இத்துறையிற் பட்டம் பெறப் புகும் மாணவனும் பொருளை விற்கும் வித்தையைக் கற்கச் செல்வதாகவே பெரும்பாலும் எண்ணுகிறான். ஆயினும் இப்பாடம் பல்கலைக்கழகத்தினுட் புகுந்த வாயில் வேறு. உழவன் பெறும் விலைக்கும் உண்போன் கொடுக்கும் விலைக்கும் இடைப்பட்ட பணம் எவர் கையிற் சேர்கிறது என்ற வினாவே அதனைப் பெரிதும் வளர்த்தது.

அவ்வினா கடுமையாக எழுந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதைகள் உள்நாட்டுக் கோதுமையைத் தொலைதூர நகரங்களுக்குக் கொண்டு சென்றன. விளைவித்தவனும் உண்டவனும் ஒருவரையொருவர் காணாராயினர். களஞ்சிய உரிமையாளரும், புகையிரதக் கம்பனியாரும், தரகரும், மொத்த வியாபாரியும், சில்லறை வியாபாரியும் அவர்களுக்கிடையே நின்றனர். விலை வீழ்ந்த காலங்களிலெல்லாம் உழவர் இவ்விடையாட்களையே பழித்தனர். அக்காலப் பொருளியல் நூல்களோ உற்பத்தியையும் பெறுமதியையும் பற்றி விரிவாகப் பேசி, பொருளைக் கைமாற்றுவோரைச் சில வரிகளிற் கடந்து சென்றன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் வணிகக் கல்விக்கூடம் 1881இல் நிறுவப்பட்டுவிட்டது. எனினும் இவ்விடைவெளியைத் தனியே ஆராயும் பாடம் தோன்ற மேலும் இருபது ஆண்டுகள் சென்றன.

1902இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் டேவிட் ஜோன்ஸ் அத்தகைய பாடமொன்றைத் தொடங்கினார். கலிபோர்னியாவிற் சைமன் லிட்மனும், இலினோயில் ஜோர்ஜ் பிஸ்கும் அக்காலத்திலேயே இதே பணியில் இறங்கினர். லிட்மனுக்கு ஏற்ற ஆங்கில நூல் கிடைக்கவில்லை. ஜெர்மானிய நூல்களை வைத்தே பாடம் நடத்தினார். ஜோன்ஸ் தம் பாடத்துக்கு இட்ட நீண்ட பெயரில் விநியோகக் கைத்தொழில்கள் என்பது உண்டு. சந்தைப்படுத்தல் என்பது இல்லை. அச்சொல் பாடப் பெயரிலே தோன்றியது 1904-05 கல்வியாண்டில், பென்சில்வேனியாவில் குரூசி என்பார் நடத்திய வகுப்பில் என்பர். பெயரைப் பற்றி ஈண்டு ஒன்று கூறலாம். இலங்கைத் தமிழர் இத்துறையைச் சந்தைப்படுத்தல் என்கின்றனர். தமிழகத்துப் பாடநூல்களிற் சந்தையியல் என்ற பெயரும் வழங்குகிறது. ‘இயல்’ கற்றோர் அவைக்குரிய சொல். ‘படுத்தல்’ தொழிலைக் குறிப்பது. இஃது அறிவுத்துறையா, கைத்தொழிற் பயிற்சியா என்ற நெடுநாள் வழக்கு இவ்விரு பெயர்களிலுமே அடங்கிக் கிடக்கிறது.

நூலில்லாத ஆசிரியர்கள் சந்தையையே நூலாகக் கொண்டனர். ஒகாயோ அரசுப் பல்கலைக்கழகத்தில் 1905இல் இப்பாடத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் ஹாகெற்றி வணிகரை நேரிற் கண்டு வினாவியும், அவர்களை வகுப்புக்கு அழைத்துப் பேசவைத்தும் செய்தி திரட்டினார். இம்முறையை அதன் எல்லைவரை கொண்டு சென்றவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து எல். டி. எச். வெல்ட் ஆவார்.

வெல்ட் 1913இல் அங்கு இப்பாடத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அவர் செய்த ஆராய்ச்சி எளிமையானது. ஆனால் அதற்கு முன் அதனைச் செய்யத் துணிந்தோர் அரியர். மினசோட்டா நாட்டுப்புறத்திலிருந்து அனுப்பப்படும் வெண்ணெயையும் முட்டையையும் தொடர்ந்து அவர் தாமே சென்றார். தரகர், மொத்த வியாபாரி ஆகியோர் கைகளைக் கடந்து சிகாகோ, நியூயோர்க் நகரங்களின் சில்லறைக் கடைவரை அச்சரக்கு செல்லும் வழியில், ஒவ்வொரு படியிலும் ஏறும் செலவைக் கணக்கிட்டார். அங்ஙனம் கண்ட முடிபு உழவர் எதிர்பார்த்ததன்று. இடையாளை நீக்கினாலும் அவன் செய்யும் வேலை நீங்காது. சேகரித்தல், தரம்பிரித்தல், சேமித்தல், கடன் கொடுத்தல், நட்டத்துக்கு ஆளாதல் ஆகியவற்றை வேறொருவன் செய்தே ஆகவேண்டும். அத்தொழிலிற் பழகியவன் அதனைக் குறைந்த செலவிற் செய்தலும் கூடும் என்று அவர் கண்டார்.

மினியாபொலிஸ் தானியச் சந்தையாருக்கும் உழவர் கூட்டுறவு இயக்கத்தாருக்கும் பெரும் பகை மூண்டிருந்த காலம் அது. வெல்டின் கூற்று ஒரு பக்கத்தாருக்கு வக்காலத்தாகவே மறுபக்கத்தாருக்குத் தோன்றியது. தீங்கான கொள்கைகளைப் போதிக்கிறார் என்ற குற்றச்சாட்டுடன் மாநிலச் சட்டசபைக் குழுவின்முன் அவர் அழைக்கப்பட்டார். வெண்ணெய்க் கணக்குக்காக ஒரு பேராசிரியர் விசாரணைக்கு நிற்க நேர்ந்தது வியப்பே! 1916இல் வேளாண்மை விளைபொருள்களின் சந்தைப்படுத்தலைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1917இல் அவர் கல்வியுலகை விட்டு, சுவிப்ட் என்னும் இறைச்சி வணிகக் கம்பனியின் ஆராய்ச்சிப் பகுதிக்குச் சென்றார். அவரைக் குறை கூறினோர் இதனைச் சான்றாகக் காட்டக்கூடும். அவர் கணக்கு பிழையென்று காட்ட அது போதாது.

இதற்கிடையில் மற்றொரு நீரோட்டமும் கலந்தது. புரொக்டர் அண்ட் காம்பிள் கம்பனியில் விற்பனைத் துறையிற் பணியாற்றிய ரால்ப் ஸ்டார் பட்லர் 1910இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். விற்பனையாளனை அனுப்புவதற்கும் விளம்பரம் செய்வதற்கும் முன்பே உற்பத்தியாளன் தீர்க்கவேண்டிய பிரச்சினைகள் பலவென்பது அவர் அனுபவம். அவற்றைத் தொகுத்து அஞ்சல்வழிப் பாடமாக்கினார். ஜோன்சும் வெல்டும் சமுதாயத்தின் இடத்தில் நின்று நோக்கிய பொருளைப் பட்லர் கம்பனியின் இடத்தில் நின்று நோக்கினார். பின்னாளில் வென்றது இந்நோக்கே. 1936இல் இத்துறைக்கெனத் தனி ஆராய்ச்சி ஏடும், 1937இல் அமெரிக்கச் சந்தைப்படுத்தற் சங்கமும் தோன்றின.

பாடங்கள் பெருகின, தரம் அவ்வாறு உயரவில்லை. போர்ட், கார்னகி நிதியங்களின் ஆதரவில் 1959இல் வெளிவந்த இரு அறிக்கைகள், வணிகக் கல்விக்கூடங்கள் குறுகிய தொழிற்பயிற்சிகளை அளவின்றிப் பெருக்கிவிட்டன எனக் கடிந்தன. அதன்பின் கணிதமும் புள்ளிவிபரவியலும் உளவியலும் பாடத்திட்டத்தில் வலிமை பெற்றன. 1960இல் மக்கார்த்தியின் நூல் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்ற நால்வகைப் பகுப்பை மாணவர் கையில் வைத்தது. 1967இல் வந்த பிலிப் கொட்லரின் நூல் முகாமையாளன் நோக்கை உலகெங்கும் பரப்பியது. பிரித்தானியாவில் இப்பாடம் தாமதித்தே இடம்பெற்றது. 1964இல் நிறுவப்பட்ட லங்காஸ்டர் பல்கலைக்கழகம் இதற்குத் தனித்துறை வகுத்ததில் முன்னின்றது; ஸ்ட்ராத்கிளைட் 1971இல் தொடர்ந்தது.

இன்று இப்பட்டத்துக்குப் பயில்வோன் நுகர்வோர் நடத்தை, சந்தை ஆராய்ச்சி, விளம்பரம், விலையிடல் ஆகியவற்றைக் கற்கிறான். அவற்றோடு விநியோக வழிகள் என்ற தலைப்பும் உண்டு. வெல்ட் வெண்ணெயின் பின்னே நடந்து சென்ற பாதை அத்தலைப்பின் கீழ் வருவது. உழவன் கைக்கு எவ்வளவு வந்தது என்ற கணக்கைப் பெரும்பாலும் வேளாண் பொருளியல் வகுப்பிலேயே போடுகின்றனர்.