மஞ்சள் கடுதாசியும் 300 ரூபாயும்

"அவன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்"னு ஊரில் சொன்னால், கடனெல்லாம் போச்சு, ஆள் தப்பிச்சான் என்று அர்த்தம். சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்காக 1909-இல் வந்த திவால் சட்டத்தைப் படித்தால் கதை வேற.

மனு கொடுத்ததும் கடன் போயிடாது. திவால் என்று கோர்ட் அறிவித்ததும் முதலில் போவது சொத்துதான். அது அஃபிஷியல் அசைனி கைக்கு மாறிவிடும். (மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருஷச் சட்டம், அங்கே ரிசீவர்.) கடனாளிக்கு 1909 சட்டம் விட்டுவைத்தது தொழில் கருவி, துணிமணி, படுக்கை, சமையல் பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான். அதுவும் குடும்பத்துக்கே சேர்த்து 300 ரூபாய்க்குள்! இன்றைக்கு அந்தக் காசில் ஒரு குக்கர்கூட வராது.

"வீட்டைச் சம்சாரம் பேருக்கு எழுதிட்டேனே, நிக்குமா?" வக்கீலிடம் கேட்கத் தோன்றும் முதல் கேள்வி இதுதான். சும்மா எழுதிக் கொடுத்து இரண்டு வருஷத்துக்குள் திவாலானால் அசைனி முன் அது செல்லாது.

அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, "இனிமே வர்றது யாருக்கு?" கோர்ட் விடுவிப்பு உத்தரவு கொடுக்கும்வரை, அப்பா சொத்தில் பங்கு வந்தாலும் கடன்காரர்களுக்குத்தான். விடுவித்த பிறகும் அரசுப் பாக்கி, மோசடிக் கடன், ஜீவனாம்சம் மூன்றும் கூடவே வரும்.

2016-இல் புது திவால் சட்டம் வந்தது. அதில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலானது. மற்றவர்களுக்கு இன்னும் அந்த இரண்டு பழைய சட்டங்கள்தான்.