மருந்திட்ட கைக்குக் காவல்

நோய் தீர்க்க வந்தவரையே மக்கள் அடிக்க எழுவது இன்று நேற்றுத் தோன்றிய கேடன்று. 1896ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் நிகழ்ந்தது அதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு செப்டம்பரில், மாண்டவி வட்டாரத்தில் பரவிய காய்ச்சல் பிளேக்கே என மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். அக்டோபரில் நகராட்சி, நோயுற்றோரை வலிந்தேனும் மருத்துவமனையிற் சேர்க்க ஆணையிட்டது. பிளேக்கைத் தீர்க்கும் மருந்து அந்நாளில் இல்லை. உள்ளே சென்றவரிற் பலர் மீளவில்லை. ஆளைக் கொன்று உடலிலிருந்து தைலம் வடிக்கிறார்கள் என்னும் வதந்தி பஞ்சாலைகளில் பரவிற்று. அக்டோபர் 29ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர் திரண்டு, ஆர்தர் சாலைத் தொற்றுநோய் மருத்துவமனையைத் தாக்கினர்.

அரசு இதற்குக் கண்ட விடை யாது? 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. ஆணையை மீறியவருக்கு அதில் தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் கடமையாற்றியவர்மீது வழக்குத் தொடரலாகாது என்னும் காப்பும் உண்டு. ஆனால் நோயாளியின் அருகே நிற்கும் தாதியை ஒருவன் கல்லால் அடித்தால் என் செய்வது? அதைப் பற்றிச் சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

புனே நகரில் அச்சட்டத்தின் கடுமையை மக்கள் கண்கூடாகக் கண்டனர். பிளேக் குழுத் தலைவர் ராண்டின் கீழ்ப் படைவீரர் வீடுவீடாகப் புகுந்து சோதித்தனர். 1897 ஜூன் 22இல் சாபேகர் உடன்பிறந்தார் அவரைச் சுட்டனர். ஜூலையில் அவர் இறந்தார். அதே புனேயில், அதே ஆண்டு மார்ச்சில், நோயாளருக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் பூலே பிளேக் தொற்றி மறைந்தார். அச்சுறுத்தி நுழைந்தவரை மக்கள் வெறுத்தனர். அன்பால் நுழைந்தவரை இன்றும் போற்றுகின்றனர்.

ஆயினும் அன்புடையார்க்கும் அடி விழுவதுண்டு. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யச் சென்றோரைக் கூட்டமொன்று தாக்கியது. உடன் பணியாற்றிய மருத்துவரே நள்ளிரவில் மண்ணள்ளிக் குழியை மூட நேர்ந்தது. சில நாளில், ஏப்ரல் 22இல், பழைய சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டம் வந்தது. நலப்பணியாளரைத் தாக்குவோர்க்கு மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. கொடுங்காயம் விளைத்தால் ஏழாண்டு வரை. 1897இல் விடுபட்ட சொல்லை எழுத 123 ஆண்டுகள் சென்றன!

சட்டம் அடித்தவனைத் தண்டிக்கும். அடிக்க ஓங்கும் கையைத் தடுப்பது அறிவும் நம்பிக்கையுமே. நோய் வருமுன்னரே அவற்றை வளர்த்தல் வேண்டும். அப்பணி நடைபெறும் முதலிடம் பள்ளிக்கூடமன்றோ?