சாந்தா, வி. (1927–2021)

சென்னையில் பிறந்த புற்றுநோய் மருத்துவர். அரசுப் பணி வாய்ப்பை விட்டு, முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மறு ஆண்டு சேர்ந்து, அதன் வளாகத்திலேயே வாழ்ந்தார். மகசேசே விருது (2005) பெற்றவர். கருணையை மட்டும் போற்றினால் அவருடைய அறிவியல் மறைந்துவிடும் என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான்; ஆனால் இவரிடம் இரண்டும் வேறல்ல. பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயக் கூலிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரக்கணக்கில் சென்னையில் தங்க வேண்டும், கூலியையும் இழக்க வேண்டும். பணமில்லாமல் பாதியில் ஊர் திரும்பினால் எவ்வளவு நல்ல கருவியும் வீண். ஆகவே அந்நிலையத்தின் இலவச, சலுகைக் கட்டணச் சிகிச்சையைத் தர்மக் கணக்கில் எழுதக்கூடாது; அதுவும் மருத்துவமே. நன்கொடையை நம்பும் இம்முறை எல்லா ஊருக்கும் எட்டாது என்பது உண்மை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது அரசு, தனி மருத்துவர் அல்லர்.