ஸ்டீம் வன்பொருள் கணக்கெடுப்பு

ஸ்டீம் வன்பொருள் கணக்கெடுப்பு என்பது கணினி விளையாட்டாளர்கள் பயன்படுத்தும் வன்பொருட்கள், இயங்குதளங்கள் ஆகியவை பற்றி அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு ஆகும். இந்நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைச் சேவையின் பயனர்களிடம் இது நடத்தப்படுகின்றது. இதில் பங்கேற்பது பயனரின் விருப்பத்தைப் பொறுத்தது. பெயர் முதலிய அடையாளங்கள் வெளியிடப்படுவதில்லை.

செயற்படும் முறை

ஒவ்வொரு மாதமும் பயனர்களுள் ஒரு பகுதியினரிடம் மட்டும் ஸ்டீம் மென்பொருள் அனுமதி கேட்கின்றது. பயனர் இசைந்தால், கணினியின் செயலி, நினைவகம், வரைகலை அட்டை, இயங்குதளம், மொழி முதலிய விவரங்களை மென்பொருளே திரட்டி அனுப்புகின்றது. அவ்வேளையில் இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளமே கணக்கில் சேரும். எடுத்துக்காட்டாக, பீளமேட்டில் பயிலும் பொறியியல் மாணவர் ஒருவர் பாடப்பணிகளுக்கு லினக்சையும் விளையாடுவதற்கு விண்டோசையும் ஒரே கணினியில் வைத்திருந்தால், விண்டோசில் விளையாடும்போது இசைவளிக்கும் அவர் விண்டோஸ் பயனராகவே எண்ணப்படுவார்.

இயங்குதளப் பங்குகள்

விண்டோஸ் தொடர்ந்து 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பங்கைப் பெற்று வந்துள்ளது. ஸ்டீம் மென்பொருள் 2010 இல் மாக் கணினிகளுக்கும், 2013 இல் லினக்சுக்கும் வெளியானது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்சில் இயக்க உதவும் புரோட்டான் 2018 இலும், லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி 2022 இலும் அறிமுகமாயின. சூலை 2023 இல் லினக்ஸ் 1.96% பெற்று, 1.84% பெற்ற மாக் இயங்குதளத்தை முந்தியது. அக்டோபர் 2025 இல் லினக்சின் பங்கு முதன்முறையாக 3 விழுக்காட்டைக் கடந்தது.

மிகைக் கணக்கு

ஒரு கணினி ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே எண்ணப்படுவதை உறுதிசெய்யும் வழிமுறை பயனரின் கணினியிலேயே செயற்பட்டு வந்தது. ஆசிய நாடுகளின் இணைய மையங்களில் கணினிகள் நிர்வகிக்கப்படும் முறையால் இது பயனற்றுப் போய், அங்கு விளையாடியோர் மிகையாக எண்ணப்பட்டனர். இதனால் ஆகத்து 2017 முதல் விண்டோஸ் 7 இன் பங்கு வழக்கத்திற்கு மாறாக உயர்ந்தது. ஏப்ரல் 2018 கணக்கெடுப்பில் இக்குறை களையப்பட்டதாக வால்வ் அறிவித்தது.

200 பதிவுகளில் 4 லினக்ஸ் எனில் அதன் பங்கு 2% ஆகும். விண்டோஸ் பதிவுகள் மட்டும் மேலும் 200 சேர்ந்தால் அது 1% ஆகிவிடும். ஆனால் லினக்சைக் கைவிட்டவர் எவருமிலர்.

வரம்புகள்

இத்தகைய ஏற்ற இறக்கம் பின்னரும் காணப்பட்டது. பிப்ரவரி 2025 இல் எளிய சீன மொழிப் பயனர்களின் பங்கு பாதியைத் தாண்டியபோது, லினக்சின் பங்கு 2.06% இலிருந்து 1.45% ஆகக் குறைந்தது. அடுத்த மாதமே 2.33% ஆக உயர்ந்தது. எனவே ஒரு மாத மாற்றத்தைக் கொண்டு பயனர்கள் இயங்குதளம் மாறினர் என முடிவு செய்வது பொருந்தாது. பல மாதப் போக்கையும், மொழிப் பங்கையும் சேர்த்து நோக்க வேண்டும்.

கைபேசியில் விளையாடுவோர் இக்கணக்கில் சேர்வதில்லை. முடிவுகள் இயங்குதள வாரியாக நாடு பிரித்து வெளியிடப்படாமையால், இந்தியாவிற்கோ தமிழகத்திற்கோ உரிய பங்கை இவற்றிலிருந்து கணிக்க இயலாது.