தலைமையாசிரியரை அளந்த கோல்கள்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தலைமை அலுவலகம் இப்போது டெல்லி துவாரகாவின் 23ஆம் செக்டரில் இருக்கிறது. வாரியத்தைச் சேர்ந்த பள்ளிகள் தம் தரத்தை மதிப்பிட்டுக்கொள்ள அது வகுத்துள்ள சட்டகத்தில் ஏழு களங்கள் உண்டு. நிர்வாகம் ஒரு களம். தலைமைத்துவம் வேறொரு களம். இரண்டும் வேறு என்ற தெளிவு இந்தியப் பள்ளிக் கல்வியில் எளிதில் வந்துவிடவில்லை.

1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையைத் தொடர்ந்து மாகாணங்களில் கல்வித் துறைகளும் பள்ளி ஆய்வாளர்களும் வந்தனர். சென்னை மாகாணத்தில் மாணவரின் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் கொடுக்கும் முறை நெடுங்காலம் நடந்தது. ஆய்வாளர் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார், கணக்கைச் சரிபார்ப்பார், பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார். தலைமையாசிரியர் நல்லவரா என்பதற்குத் தேர்ச்சி எண்ணிக்கையே சான்று. எளிய பிள்ளைகள் படிக்கும் பள்ளியை நிமிர்த்த ஒருவர் பட்ட பாடு அந்த எண்ணிக்கையில் தெரியாது. அந்த அநீதி இன்றும் முழுதாக நீங்கவில்லை.

1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைவர். ஆய்வாளர் ஒருவரே வந்து தீர்ப்புச் சொல்வதற்குப் பதிலாக, அனுபவமுள்ள தலைமையாசிரியர்களும் மூத்த ஆசிரியர்களும் அவரோடு குழுவாகச் சென்று பள்ளியைப் பார்க்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. தொழில் தெரிந்தவரே தொழிலை எடைபோட வேண்டும் என்பது இதன் சாரம்.

வினாப்பட்டியலால் தலைமையை அளக்கும் வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆண்ட்ரூ ஹால்பினும் டான் கிராஃப்டும் 1960களின் தொடக்கத்தில் 71 தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களிடமே கேட்டார்கள்: பள்ளி முதல்வர் விலகி நிற்கிறாரா, வேலை வாங்குவதில் மட்டும் குறியாக இருக்கிறாரா, தாமே முன்னின்று உழைக்கிறாரா, பரிவு காட்டுகிறாரா? 1980களில் பிலிப் ஹாலிங்கர் ஒரு படி மேலே போனார். அவருடைய அளவுகோலில் 50 கேள்விகள். முதல்வர் வகுப்பறைக்கு எத்தனை முறை போகிறார், கற்பிக்கும் நேரத்தைக் காக்கிறாரா என்று அன்றாடச் செயல்களையே அவை கேட்டன. முதல்வருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனிப் படிவங்கள் உண்டு. இந்த ஏற்பாடு மிகத் தேவையானது. தம்மைப் பற்றி முதல்வர் எழுதுவதும் அவருக்குக் கீழ் வேலை செய்பவர் எழுதுவதும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

இந்தியாவில் இந்தப் பணி டெல்லியில் வேர்கொண்டது. தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் 2012இல் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் தொடங்கியது. அதே பல்கலைக்கழகம் 2015இல் கொண்டுவந்த 'ஷாலா சித்தி' திட்டம் ஏழு களங்களில் பள்ளியை மூன்று நிலைகளாக மதிப்பிடுகிறது. ஆசிரியர்களின் செயல்திறனை மேம்படுத்துவதற்கு ஒரு களமும், தலைமைக்கும் மேலாண்மைக்கும் சேர்த்து ஒரு களமும் அதில் உண்டு. பள்ளி முதலில் தன்னைத் தானே மதிப்பிடும். பிறகு வெளியார் வந்து பார்ப்பார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முதல்வர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியை எதிர்பார்க்கிறது.

ஆனாலும் பயிற்சி மணிகளை எண்ணுவதும் படிவத்தை நிரப்புவதும் எளிது. முதல்வர் உட்கார்ந்து கவனித்த வகுப்பு அடுத்த மாதம் மேம்பட்டதா என்று பார்ப்பதுதான் கடினம். அதற்கு அந்தப் பள்ளி ஆசிரியர்கள் அச்சமின்றிப் பேசக்கூடிய ஏற்பாடும், திரும்பத் திரும்ப வந்து பார்க்கும் அனுபவசாலிகளும் வேண்டும்.