தீக்குச்சியும் பட்டாணியும்

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் மொழி. இம்மொழியின் முதற் கூற்றுக்கு நிழற்படத்தைப் போன்று வேறு சான்று வேண்டுவதில்லை. உள்ளதை உள்ளவாறே காட்டும் எனப் பெயர் பெற்ற அக்கருவி, இல்லாததையும் இருப்பதாகக் காட்டவல்லது.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்றுண்டு. கோலா பிலா வட்டாரத்து முதியோரும் அந்நாள்களை மறந்திரார். பால்மரக் காட்டில் உழைத்துக் களைத்தோர்க்கு அத்திரையே மாய உலகாயிற்று. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாயா பஜார்’ படத்தில், கடோத்கசனாக நடித்த எஸ். வி. ரங்கா ராவின் வாய்க்குள் இலட்டுகள் தாமே பறந்து புகுந்த காட்சியைத் தமிழர் எவரே மறப்பர்? மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அமைந்த அவ்விந்தைக்கு, வீட்டுப் பொருள்களைக் கொண்டே வித்திட்டவர் ஒருவர் முன்னரே இருந்தார். அவர்தாம் தாதாசாகிப் பால்கே.

1870ஆம் ஆண்டில் நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்த பால்கே, ஓவியமும் நிழற்படக் கலையும் கற்றவர். செப்பிடு வித்தையும் பயின்று, தம் பெயரின் எழுத்துகளை மாற்றி ‘பேராசிரியர் கெல்பா’ என்னும் பெயருடன் மேடையேறியவர். 1912ஆம் ஆண்டில் இலண்டன் சென்று படக்கருவி வாங்கித் திரும்பியபோது, முழுநீளப் படம் எடுக்க அவரிடம் பொருள் இல்லை. ஆயினும் மனம் தளர்ந்தாரல்லர். தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். கருவியை எதிரே அசையாது நிறுத்தினார். ஒரு திங்களுக்கும் மேலாக நாள்தோறும் சிறிது சிறிதாகப் பதிவு செய்தார். திரையில் ஓடவிட்டபோது விதை முளைத்து, தளிர்த்து, கொடியாகி எழுந்தது. பல நாள் வளர்ச்சி சில நொடிகளில் நிகழ்ந்து முடிந்தது! அதனைக் கண்ட நண்பர் ஒருவர் பொருளுதவி புரிந்தார். துணைவியார் சரசுவதிபாய் தம் நகைகளையும் ஈந்தார். 1913ஆம் ஆண்டில் ‘ராஜா அரிச்சந்திரா’ உருவாயிற்று.

1915ஆம் ஆண்டளவில் அவர் தீக்குச்சிகளையும் நடிக்க வைத்தார். குச்சியைச் சற்றே நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி மற்றொரு படம் என எடுத்துத் தொடர்ந்து ஓட்டினால், குச்சிகள் உயிர்பெற்று ஆடுவதாகத் தோன்றும். நகர்த்திய கை மறைந்துவிடும். நகர்வு மட்டும் எஞ்சும்.

ஓடாத படத்திலும் இத்தகைய விளையாட்டு உண்டு. மனிதர்க்குக் கண் இரண்டு. ஆதலின் தொலைவை எளிதில் உணர்கின்றோம். கருவிக்கோ கண் ஒன்று. 12 செண்டிமீட்டர் உயரமுள்ள குவளையைக் கருவிக்கு 30 செண்டிமீட்டர் தொலைவில் வைத்து, 160 செண்டிமீட்டர் உயரமுள்ள மாணவனை 4 மீட்டருக்கு அப்பால் நிறுத்தினால், படத்தில் இரண்டும் ஒரே உயரமாய்த் தோன்றும். சற்று இடம் மாற்றினால் மாணவன் குவளையின் விளிம்பில் நிற்பான். இதில் மந்திரம் ஏதுமில்லை. விகிதக் கணக்கே உண்டு.

இதே விளையாட்டு வஞ்சனையாகவும் திரியக்கூடும். 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் காட்டிங்லி என்னும் ஊரில் எல்சி, பிரான்சிஸ் என்னும் சிறுமியர் இருவர், இறகு முளைத்த வனதேவதைகளை அட்டையில் வரைந்து வெட்டினர். தொப்பியில் குத்தும் ஊசிகளால் அவற்றைப் புல்லிடையே நிறுத்திப் படமெடுத்தனர். வீட்டாரிடம் காட்டிய விளையாட்டு ஊராரிடம் பரவியது. செர்லாக் ஓம்ஸ் என்னும் துப்பறிவாளனைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், 1920ஆம் ஆண்டில் அப்படங்களை மெய்யென நம்பி இதழில் எழுதினார். அறிவிற் சிறந்தவர் ஒருவர் நம்பிவிட்ட பின்னர், ‘அட்டைதான்’ என்று சொல்லச் சிறுமியர் நாணினர். ஏறத்தாழ 66 ஆண்டுகள் கழிந்து, 1983ஆம் ஆண்டில், முதுமை எய்திய நிலையிலேதான் உண்மை வெளிப்பட்டது. அப்போதும் ஒரு படம் மட்டும் மெய்யே என்றார் பிரான்சிஸ்.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிட்டு நோக்குக. பட்டாணிக் கொடியும் தந்திரந்தான். காகிதத் தேவதையும் தந்திரந்தான். முன்னது, கண்ணுக்கு எட்டாத உண்மையைக் கண்ணுக்குக் காட்டியது. பின்னது, இல்லாத ஒன்றை உண்டென நம்பவைத்தது. கருவியில் குற்றமில்லை, மறைத்து வைத்த செய்கையிலேயே குற்றம் உண்டு. செய்முறையைத் திறந்து காட்டும் தந்திரம் கலையாகும், கல்வியும் ஆகும்.

இன்று கைப்பேசி ஏந்தாத கையில்லை. பொய்ப்படம் பரவாத நாளுமில்லை. பொய்யை இனங்காண மாணவர்க்குக் கற்பிக்க விழையும் ஆசிரியர், எச்சரிக்கை உரைப்பதோடு அமையலாகாது. பால் டின்னில் பச்சைப்பயறு ஊன்றியும், குவளை விளிம்பில் தோழனை நிறுத்தியும் மாணவரே படமெடுக்கட்டும். எடுத்தபின் ‘இஃது எவ்வாறு நிகழ்ந்தது?’ என வகுப்பின்முன் விளக்கிக் கூறட்டும். தந்திரத்தைத் தன் கையால் செய்தறிந்த சிறுவனைப் பிறர் தந்திரம் எளிதில் மயக்காது. ‘தீர விசாரிப்பதே மெய்’ என்னும் முதுமொழிக்கு இதனினும் சிறந்த பாடம் வேறு யாதுளது?