ஐசன்ஸ்டைன் எழுதாத கட்டுரை

மரியோ பெய்ஷோட்டோ எடுத்து முடித்த படம் ஒன்றே ஒன்றுதான்: ‘லிமிச்சி’. 1930இல், தன் 22ஆம் வயதில், பிரேசிலின் மங்கரதிபா கடற்கரையில் படமாக்கினார். பேச்சில்லாத படம். கரை காணாத கடலில் ஒரு படகு. துடுப்பைக் கைவிட்ட இரண்டு பெண்களும் ஓர் ஆணும் இழந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதை என்று சொல்ல இவ்வளவுதான்.

படத்தின் புகழைத் துருவப் போனால் வழியில் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் நிற்கிறார். லண்டனில் இதைப் பார்த்து வியந்து ‘டாட்லர்’ இதழில் அவர் எழுதினார் என்றொரு கட்டுரை, 1965இல் பிரேசிலின் ‘அர்கிதெதூரா’ இதழில் போர்த்துகீசிய மொழிபெயர்ப்பாக வெளியானது. கொடுத்தவர் பெய்ஷோட்டோ. எனக்கு முதலில் உறுத்தியது டாட்லர்தான். மேட்டுக்குடி விருந்துகளின் படங்களைப் போடும் பத்திரிகையில் ஐசன்ஸ்டைனுக்கு என்ன வேலை? தேதிகளை எடுத்து வைத்தேன். ரியோவில் முதல் திரையிடல் 1931 மே 17. அந்த ஆண்டு முழுக்க ஐசன்ஸ்டைன் மெக்சிகோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கட்டுரையின் மூலமோ யார் கையிலும் இல்லை.

அதற்காக பெய்ஷோட்டோ சொன்னதெல்லாம் புளுகு என்று தள்ளவும் முடியாது. பாரிஸில் ஒரு பத்திரிகை அட்டையைப் பார்த்ததும்தான் படம் மனதில் உதித்தது என்பார். அந்த அட்டை இருக்கிறது: ‘வூ’ இதழ், 1929 ஆகஸ்ட், கெர்டெஸ் எடுத்த புகைப்படம். ஒரு பெண்ணின் முகம். அவள் கழுத்துக்கு முன்னால் விலங்கிட்ட ஆணின் கைகள். ‘லிமிச்சி’யின் தொடக்கத்திலும் அதே காட்சி.

பிறகு ஏன் இந்தக் கட்டுரை? விடை படச்சுருளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மிஞ்சிய ஒரே நைட்ரேட் பிரதி அரித்துப்போக, 1959க்குப் பிறகு படத்தைத் திரையிட முடியவில்லை. மறு ஆண்டு பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சதூல் ரியோவுக்கே வந்து, பார்க்க முடியாமல் திரும்பினார். சவ்லோ பெரேரா டி மெல்லோ ஒவ்வொரு சட்டகமாகப் புகைப்படம் எடுத்து மீட்டுக்கொண்டிருந்தார். 1966இல் ராணுவ ஆட்சியின் போலீஸ் அந்தப் பிரதியையும் பறிமுதல் செய்தது. அவர் அதைத் திரும்ப வாங்கினார். படத்தைப் பார்க்க வழியில்லாத காலத்தில் பெரிய ஆள் ஒருவர் பார்த்ததாகச் சொன்னால் சரிபார்ப்பது யார்?

1970களின் இறுதியில் வேலை முடிந்து படம் மறுபடி திரைக்கு வந்தது. கட்டுரையை எழுதியது தான்தான் என்று பெய்ஷோட்டோ ஒப்புக்கொண்டதும் அதே சவ்லோவிடம்தான். 2015இல் பிரேசில் விமர்சகர்கள் சங்கம் தங்கள் நாட்டின் நூறு சிறந்த படங்களைத் தேர்ந்தபோது ‘லிமிச்சி’க்கு முதலிடம். சிபாரிசுக்கு ஐசன்ஸ்டைன் தேவைப்படவில்லை.